இருபத்தொன்பது அங்குலம்

"சார், மூணாவது தடவை சொல்றேன். இந்தக் கண்ணாடில வளைவே கெடையாது. எந்த மூலைல உக்காந்து பார்த்தாலும் மூஞ்சி கோணாது" என்றார் ஷாஹுல் ஹமீது. உஸ்மான் சாலையில் அந்தக் கடையில் பதினைந்து வருஷமாக டிவி விற்பவர். அவருக்கு வந்த டீ மேஜையில் ஆறி ஆடை படிந்திருந்தது.

ஸ்ரீரங்கன் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தார். "எதுக்குக் கேக்கறேன்னா, எண்பத்திநாலுல நான் போர்ட்டபிள் டிவி வாங்கினப்போ அந்தக் கடைக்காரனும் இதேதான் சொன்னான். மவுன்ட் ரோடுல கடை. அன்னிக்குன்னு பார்த்து நல்ல மழை..."

"பில் போட்டுடட்டுமா சார்?"

"இருங்கோ, சொல்லி முடிச்சுடறேன்."

சொல்லி முடித்தார். ஸ்ரீரங்கனுக்கு வளவளவென்று பேசுவது பிடிக்காது. எதையும் விவரமாகச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். முப்பத்துமூன்று வருஷம் ரயில்வே விசாரணைக் கவுன்டரில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விவரம் சொன்னவர். விவரம் கேட்கிறவர்கள் அதிகம் என்று மதிய ஷிஃப்ட்டையே கேட்டு வாங்கிக்கொண்டதால் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். ரிடையர் ஆனதும் சாயங்கால வேளைகளில் மனைவி காமாக்ஷியுடன் நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அத்தனை வருஷமும் அவருக்கு இருந்த ஒரே ஆசை.

பிப்ரவரியில் ரிடையர் ஆனார். அடுத்த வாரமே காமாக்ஷி மாடிக்குப் போக ஆரம்பித்தாள். கச்சேரி சாலையை ஒட்டிய அந்த ஃபிளாட்டில் இவர்கள் முதல் மாடி. இரண்டாம் மாடியில் பள்ளிக்கூட டீச்சர் ஃப்ளோரன்ஸும் அவள் பெண் ஷெரிலும். ஏழரை மணிக்குக் காமாக்ஷி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஃப்ளோரன்ஸாத்துல சீரியல் பார்த்துட்டு வந்துடறேன்" என்று கிளம்புவாள். ஒன்பது மணிக்குத்தான் திரும்புவாள்.

"ஏன், நம்மாத்துல டிவி இல்லையா?" என்று ஒருநாள் கேட்டார்.

"நம்மாத்து டிவில மாமியார் யாரு, மாட்டுப்பொண் யாருன்னே தெரியலை. பெட்டி சின்னது" என்றாள்.

பெட்டிதானே பிரச்சினை? ஆகஸ்ட் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு ஸ்ரீரங்கன் தி.நகருக்கு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் நான்கு பேர் முதுகு புடைத்த அந்தப் பெட்டி டிவியை மூச்சு முட்ட மாடி ஏற்றினார்கள். ஷோகேஸில் டிவிக்கென்று விட்டிருந்த இடத்தில் அது பாதிதான் நுழைந்தது. ஷோகேஸைப் படுக்கையறைக்குத் தள்ளினார்கள். அதனால் கட்டிலைத் திருப்ப வேண்டி வந்தது. கட்டிலைத் திருப்பியதால் படுக்கையறைக் கதவு அரைவாசிக்கு மேல் திறக்க மறுத்தது. போர்ட்டபிள் வாங்கிய கதையை ஸ்ரீரங்கன் ஆரம்பித்தபோது, அந்த நான்கு பேரும் காப்பிக்குக்கூட நிற்காமல் இறங்கிப் போய்விட்டார்கள். வேலை மும்முரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

டிவிக்குக் கீழே வைக்க ஸ்டாண்டு வேண்டியிருந்தது. அதற்கு இன்னொரு தடவை தி.நகர்.

அன்று ஏழரைக்குக் காமாக்ஷி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "நன்னா இருக்கு. ஆனா எல்லாரும் ரெண்டு ரெண்டாத் தெரியறாளே" என்றாள். தலைப்பை இழுத்துச் செருகினாள். போய்விட்டாள்.

கேபிள்காரன் கபாலிக்கு ஆள் அனுப்பினார். கபாலி பின்பக்கம் எட்டிப் பார்த்தான்.

"சாரு, டிவி சோக்காத்தான் கீது. ஒயருதான் பழசு. புச்சா ஒயர் இஸ்து, ஒரு பூஸ்டர் போட்டா கண்ணாடி மாரி தெரியும்."

"போடு. அதுக்கு முன்னாடி இந்த ஒயர் எப்போ போட்டதுன்னு உனக்குச் சொல்லிடறேன். தொண்ணூத்திரண்டுல ஒருத்தன் வந்தான்..."

"மேல மொட்ட மாடில வேல கீது சார், தோ வந்துர்றேன்" என்று போன கபாலி ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துத்தான் இறங்கினான். அதுவும் பின்பக்கப் படிக்கட்டு வழியாக.

படம் தெளிவானது. ஆனால் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் அதே படம் நாலு பக்கமும் சுருங்கியது. ஸ்டெபிலைசர் வாங்கினார். அது உர்ரென்று உறுமியது.

"காதுல வண்டு பூந்த மாதிரி இருக்குன்னா. தலையை வலிக்கறது" என்றாள் காமாக்ஷி. ஏழரை. தலைப்பு. மாடி.

ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் பஸ். ஷாஹுல் ஹமீது இவரைத் தெருவிலேயே பார்த்துவிட்டு கிடங்குக்குள் போய்விட்டார். வேறு ஒருவர் பேசாமல் மாற்றிக் கொடுத்தார்.

உறுமாத ஸ்டெபிலைசர் வந்ததும் காமாக்ஷிக்குக் கண் கூசியது. "இவ்வளவு பெரிய டிவியை இவ்வளவு கிட்டக்க வெச்சுண்டு பார்க்க முடியுமா?" என்றாள். நியாயம்தானே என்று ஸ்ரீரங்கன் டிவியை வாசல் பக்கச் சுவரோரம் நகர்த்தினார். அதோடு வாசற்கதவும் அரைவாசிக்கு மேல் திறக்கவில்லை. பால்காரர் பாக்கெட்டை இடுக்கு வழியாக நீட்டினார். அடுத்து, ஒன்றரை மணி நேரம் மர நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது என்றாள் காமாக்ஷி. மெத்தை வைத்த சோபா வந்தது. சோபா வந்த பிறகு கூடத்தில் யாரும் நேராக நடக்க முடியவில்லை. இருவரும் சொந்த வீட்டில் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போனார்கள்.

ஸ்ரீரங்கனுக்கு அலுத்துப்போனது. கால் வலித்தது. ரிடையர் ஆனதற்குப் பிறகு இவ்வளவு பஸ் ஏறுவோம் என்று அவர் நினைத்ததே இல்லை. ஆனாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை எல்லாம் சரியாக இருந்தது. படம் பளிச்சென்று தெரிந்தது. உறுமல் இல்லை, கூச்சம் இல்லை, முதுகுக்கு மெத்தை. குறை சொல்ல இனி ஒன்றும் பாக்கியில்லை.

காமாக்ஷி டிவியைப் பார்த்தாள். சோபாவைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

ஸ்ரீரங்கனுக்கு உள்ளம் நிறைந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தார். ரிமோட்டில் எந்தப் பொத்தான் எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சீரியலில் அந்த அம்மாள் ஏன் அழுகிறாள் என்பதைச் சொன்னார். அவர் அத்தை ஒருத்தி இதே மாதிரி அழுததைச் சொன்னார். அந்த அத்தைக்கு வரன் பார்க்கப் போன ரயில் விழுப்புரத்தில் எத்தனை நிமிஷம் தாமதம் என்பதையும் சொன்னார். இதற்காகத்தானே முப்பத்துமூன்று வருஷம் காத்திருந்தோம் என்று சோபாவில் சாய்ந்துகொண்டார்.

முதல் விளம்பரத்தில் காமாக்ஷி எழுந்தாள்.

"ஏன், என்னாச்சு காமு?"

"ஃப்ளோரன்ஸ் ரசப்பொடி கேட்டிருந்தா. குடுத்துட்டு வந்துடறேன்."

"இப்பவேவா? சீரியல்?"

"மிச்சத்தை அங்கேயே பார்த்துக்கறேன்" என்றாள். பக்கவாட்டில் நகர்ந்து, அரைக் கதவு வழியாக வெளியேறினாள்.

இருபத்தொன்பது அங்குலத்தில் அந்த அம்மாள் தொடர்ந்து அழுதாள். அவளைப் பார்க்க ஸ்ரீரங்கன் மட்டும்தான் இருந்தார். அவருக்கும் அழுகை வரும் போலிருந்தது. அவமானமாகவும் இருந்தது. மாடியில் அப்படி என்ன டிவி வைத்திருக்கிறார்கள்? முப்பத்துநாலு அங்குலமா? ஒரு டீச்சர் சம்பளத்தில் அது எப்படி வாங்க முடியும்? தெரிந்துகொள்ளாமல் இன்று தூக்கம் வராது.

டிவியை அணைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். மணியை அழுத்தியதும் ஷெரில் கதவைத் திறந்தாள். கையில் கல்லூரிப் புத்தகம்.

"வாங்க அங்கிள்."

"உள்ள வரலைம்மா. தொந்தரவு பண்ண வரலை. ஒரு விவரம் மட்டும் கேட்டுண்டு போலாம்னு வந்தேன். எதுக்குன்னா, நாங்க ஒரு டிவி வாங்கினோம். எண்பத்திநாலுல நான் முதல்ல ஒரு போர்ட்டபிள்..."

சொல்லிக்கொண்டே ஷெரிலின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கூடத்தில் ஃப்ளோரன்ஸ் தலை நிமிராமல் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அப்பால் பால்கனியில் ஒரு பிரம்பு நாற்காலி. காமாக்ஷி காலை நீட்டி, கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை இவ்வளவு நிம்மதியாக அவர் பார்த்ததில்லை. ஒரு சத்தமும் கேட்கவில்லை. விளம்பர நேரம், ஒலியைக் குறைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"அதான், உங்க டிவி எத்தனை அங்குலம்னு தெரிஞ்சா போறும்" என்றார்.

ஷெரில் உதட்டில் விரலை வைத்தாள். பால்கனிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, கிசுகிசுத்தாள்.

"எங்க டிவி பொங்கலுக்கு முன்னாடியே புகைஞ்சு போயி தூக்கிப் போட்டுட்டோம் அங்கிள், கொஞ்சம் மெதுவா பேசுங்க, யாரும் பேசாத எடமா ஒன்றரை மணி நேரம் ஒக்காரணும்னுதான் ஆன்ட்டி தினம் இங்க வராங்க."