ஜெயிக்கப்போகும் வேட்பாளர் அவர்களுக்கு

"நம்ம ஊரு எலெக்‌ஷனுக்கே இங்கேருந்து ஓட்டுப் போட நமக்கு வழியில்ல. நீ அமெரிக்கா எலெக்‌ஷனை எடுத்து நடத்தப் போறியாக்கும்?"

2008-இல், அபுதாபி பக்கம் முசஃபாவில் ஒரு கஃப்டீரியா வாசலில் கருப்பையா மாமா என்னிடம் கேட்டது இது. (டீக்கடைக்கு அங்கே அதுதான் பெயர்.) நியாயமான கேள்வி. அதற்குத் தலையாட்டிவிட்டு என் டீயை நான் குடித்திருந்தால் இன்று என்னை யாரும் 'அமெரிக்கா ஆத்தா' என்று கூப்பிட மாட்டார்கள்.

ஆனால் அன்றைக்கு என்னிடம் யாரும் நியாயம் பேச முடியாது. நான் துபாயில் ஒரு கம்பெனியில் டாக்குமெண்ட் கிளார்க். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். வெள்ளிக்கிழமை லீவு நாளிலும் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கும். (பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வாசிக்க வசதியாக, படம் இருக்கும் பக்கத்தை வெளியே திருப்பி வைத்துக்கொள்வேன்.) எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வீட்டில் ஒரு பேனா வாங்கப்பட்டதே எனக்காகத்தான். அப்படிப்பட்டவள் கையில் அமெரிக்காவையே கொடுத்தால் சும்மா இருப்பாளா?

கொடுத்தவர் கேரல் மேடம். எங்கள் ஆபீசில் பயிற்சிப் பிரிவின் தலைவர், அமெரிக்கர். அந்த வருடம் அவர்கள் நாட்டில் ஜனாதிபதி தேர்தல். உலகத்தில் இருக்கும் வறுமையைப் பற்றி ஒரு வேட்பாளரும் வாயைத் திறக்கவில்லையே என்று அவருக்கு வருத்தம். அவரும் சில நண்பர்களும் சேர்ந்து தபால் அட்டைகள் அச்சடித்தார்கள். வெளிநாட்டில் உழைக்கும் ஏழை மக்கள் ஆளுக்கொரு கேள்வி எழுத வேண்டும். லீவில் ஊருக்குப் போகும்போது, அங்கே நடக்கும் பிரசாரக் கூட்டத்தில் இரண்டு கட்சிக்காரர்களிடமும் மேடம் அவற்றைக் கொடுப்பார். அட்டையின் தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழாக்கும் பொறுப்பு எனக்கு.

ஒரு ராத்திரிகூட எடுத்துக்கொள்ளவில்லை. பத்தே நிமிடத்தில் எழுதினேன்: 'அமெரிக்காவின் அடுத்த ஜனாதிபதியிடம் கேளுங்கள்!' ஆச்சரியக்குறி என் சொந்தச் சரக்கு.

அறுபது அட்டைகளோடு அந்த வெள்ளிக்கிழமை முசஃபாவுக்கு பஸ் ஏறினேன். அப்பா அங்கே ஒரு பட்டறையில் வெல்டர். அவர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்புக்குள் பெண்களை விட மாட்டார்கள். அதனால் எங்கள் சந்திப்பு எப்போதும் அந்தக் கஃப்டீரியா வாசலில்தான். அப்பாவோடு கருப்பையா மாமாவும் வருவார். பக்கத்து ஊர்க்காரர், அப்பாவின் ரூம்மேட். எட்டாம் வகுப்பு வரை படித்தவர் என்பதால் அந்த ரூமுக்கே எழுத்து வேலை அவருடையது. நான் ஆறாம் வகுப்பிலிருந்து அப்பாவுக்குப் போட்ட கடிதங்களையெல்லாம் வாசித்துக் காட்டியது அவர்தான்.

சந்தேகக் கேள்வியைக் கேட்டுவிட்டு, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்ன வேணாலும் கேக்கலாமா ஆத்தா?"

"என்ன வேணாலும் கேளுங்க மாமா. பயப்படாம பெருசாக் கேளுங்க."

"குடுப்பாகளா?"

பதிலைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். "தேர்தல் நேரம் மாமா. குடுத்துத்தானே ஆகணும்?"

"அது சரி," என்று அவர் முகம் மலர்ந்தது. "எலெக்‌ஷன் டயத்துல வாங்குனாத்தான் உண்டு. ஜெயிச்சுட்டா ஒரு பய திரும்பிப் பாக்க மாட்டான். இவ்வளவு நேரம் இதைச் சொல்லாம என்னத்தையோ வறுமை, உலகம்னுக்கிட்டு இருந்தியே!"

அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. படிக்காதவர்களுக்கு எவ்வளவு அழகாகப் புரியவைத்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பூரிப்பு.

அப்பா அட்டையைத் தொடவே இல்லை. அவர் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. பதினோரு வருடத்தில் ஃபோர்மேனிடம் வாய்விட்டு லீவுகூடக் கேட்டதில்லை. கொடுக்கும்போது எடுத்துக்கொள்வார்.

"நீங்களும் ஒண்ணு கேளுங்கப்பா."

"எனக்கு என்னத்தா வேணும்? அதான் நீ இருக்கியே."

"கைநாட்டு வச்சாப் போதும்ப்பா. மாமா எழுதிக் குடுப்பாரு."

அப்பா சிரித்துக்கொண்டே என் அடையாள அட்டையை எடுத்து, கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத் தொங்கவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில், கேம்பில் எல்லோரும் எழுதி முடித்த அட்டைகள் வந்து சேர்ந்தன. அப்பாவுக்கு வெள்ளிக்கிழமையும் டூட்டி போட்டுவிட்டதால், துபாய்க்கு வந்த ஒரு பிக்கப் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். கராமா பகுதியில் நான் தங்கியிருந்த கட்டிடத்துக்குக் கீழே வந்து அவர் கொடுத்துவிட்டுப் போனார். அரிசிப் பைத் துணியில் சுற்றி, வெல்டிங் கம்பியால் முறுக்கிக் கட்டிய பொட்டலம். அன்று மாலைதான் கேரல் மேடம் வீட்டில் கூட்டம். அவர் நண்பர்கள் இருபது பேருக்கு முன்னால் ஐந்தாறு அட்டைகளை நான் தமிழில் வாசித்து, ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

ஒரு புத்தியுள்ள பெண் என்ன செய்வாள்? பொட்டலத்தைப் பிரித்து வாசிப்பாள். நான் என்ன செய்தேன்? கண்ணாடி முன்னால் நின்று என் முன்னுரையைப் பதினான்கு தடவை சொல்லிப் பார்த்தேன். 'இங்கே இருப்பவை வெறும் அட்டைகள் அல்ல, குரலற்றவர்களின் குரல்' என்று ஒரு வரி. அதைச் சொல்லும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று யோசிப்பதிலேயே மத்தியானம் போய்விட்டது.

மேடம் வீட்டு ஹாலில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைத் தவிர அங்கே இருந்த ஒரே தமிழர் எங்கள் அக்கவுண்ட்ஸ் ராகவன் சார், சென்னைக்காரர். அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நான் முன்னுரையை முழங்கினேன். கை சரியான இடத்தில் இருந்தது. பிறகு கம்பியைப் பிரித்து முதல் அட்டையை எடுத்தேன்.

கருப்பையா மாமாவின் குண்டுக் கையெழுத்து.

'பெறுநர்: உயர்திரு ஜெயிக்கப்போகும் வேட்பாளர் அவர்கள், அமெரிக்கா. ஐயா, எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் மாசத்துக்கு மூன்று தடவை வெடிக்கிறது. உடனே மாற்றிக் கொடுத்து உதவ வேண்டுமாய்ப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குக் காதில் கொய்ங் என்றது. தமிழில் கேள்வி கேட்பதும் கேட்பதுதான், வேண்டியதைக் கேட்பதும் கேட்பதுதான். பத்து நிமிடத்தில் மொழிபெயர்த்த மேதை இதை யோசிக்கவில்லை. நான் கேள்வி வாங்கப் போனேன். அவர்கள் மனு கொடுத்துவிட்டார்கள். அனுப்புநர், பெறுநர், ஊர், தாலுகா எல்லாம் போட்டு, கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை கொடுக்கிற அதே மனு. அறுபது மனு.

இருபது பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேரல் மேடம் கைகளைக் கோத்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார்.

"ஏழை நாடுகளின் கிராமங்களுக்கு மின்சாரம் கிடைக்க உங்களிடம் என்ன திட்டம் இருக்கிறது என்று கேட்கிறார்," என்றேன் ஆங்கிலத்தில்.

ஹாலில் ஒரு பெருமூச்சு. ராகவன் சார் அட்டையை எட்டிப் பார்த்தார். அடுத்த அட்டையைக் கொடுத்தார்.

'என் மச்சினன் வரப்பை இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டான். தாங்கள் ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கண்டித்தால் கேட்பான்.'

"சிறு விவசாயிகளின் நில உரிமையைக் காக்க என்ன செய்வீர்கள்?"

"ஏம்மா," என்று என் காதருகே ராகவன் சார், "நில உரிமையில மச்சினன் எங்கேர்ந்து வந்தான்?"

"சும்மா இருங்க சார்."

மூன்றாவது அட்டை: 'ரேஷன் கார்டில் என் மனைவி மாரியம்மாள் பெயர் மாரியப்பன் என்று உள்ளது. இதனால் ஊரில் மிகுந்த கேலி.'

"பெண்களின் அடையாளத்தை உலகம் எப்போது அங்கீகரிக்கும் என்று கேட்கிறார்."

ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராகவன் சாருக்குப் பயங்கரமாக இருமல் வந்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கோ மெல்ல மெல்ல தைரியம் வந்துவிட்டது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அவர்கள் எழுதியதைவிட நான் சொன்னதுதான் நன்றாக இருக்கிறது என்றே நினைத்தேன். அந்த மிதப்போடு நாலாவது அட்டைக்குக் கையை நீட்டினேன்.

கீழே கையெழுத்து இல்லை. கட்டைவிரல் ரேகை இருந்தது. ரேகையின் நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. பட்டறையில் சுட்டுக்கொண்ட தழும்பு. அந்த விரலை எனக்குத் தெரியும்.

'ஐயா, எனக்கு ஒன்றும் வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து ஹைஸ்கூல் ஏழு கிலோமீட்டர். என் மகள் நடந்தே போய்ப் படித்தாள். நான் பார்த்ததில்லை. வருஷத்துக்கு மூன்று தடவை செருப்பு கேட்டு லெட்டர் போடுவாள், அதில் தெரிந்துகொண்டேன். இப்போது ஆபீசில் இருக்கிறாள். அவளோடு நடந்த பிள்ளைகள் பாதியில் நின்றுவிட்டன. இன்னும் பிள்ளைகள் நடக்கின்றன. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ் விட்டால் போதும். ரோடு இருக்கிறது.'

நான் தமிழில் வாசித்து முடித்தேன். ஆங்கிலத்தில் சொல்ல வாயைத் திறந்தேன். 'எல்லோருக்கும் கல்வி' என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வெளியே வர மறுத்தது. யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைக் கேட்டிருக்கிறார். அதையும் நான் மாற்றிச் சொல்வதா?

"இது என் அப்பா," என்றேன். என் ஆங்கிலம் எங்கோ போய்விட்டது. "அவர் பஸ் கேட்கிறார். காலையில் ஒன்று. சாயங்காலம் ஒன்று." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இதற்கு முன்னால் சொன்ன மூன்றும் பொய்," என்றேன்.

அடையாள அட்டை கழுத்தில் கல்லாகக் கனத்தது. வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

கேரல் மேடம் எழுந்து வந்து ஒரு டிஷ்யூ பெட்டியை என் மடியில் வைத்தார். "முதலிலிருந்து வாசி," என்றார். "இந்தத் தடவை அவர்கள் எழுதியதை மட்டும்."

வாசித்தேன். திணறிய இடத்தில் ராகவன் சார் கை கொடுத்தார். (மச்சினனை அவர் விளக்கிய அழகே அழகு. தன் சொந்த மச்சினனை நினைத்துக்கொண்டார் போல.) மாரியப்பனுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதிரில் இருந்த நரைத்தலைப் பெரியவர் ஒருவர் மட்டும் சிரிக்காமல், "என் அம்மாவும் எங்கள் ஊர்ப் பாலத்துக்காக இப்படித்தான் எழுதிக்கொண்டே இருந்தாள்," என்றார். ஐந்தாறு என்று தொடங்கியது அறுபதில்தான் முடிந்தது. யாரும் எழுந்து போகவில்லை. உண்மையான மொழிபெயர்ப்போடு எல்லாவற்றையும் நகல் எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டு, அசல் அட்டைகளை மேடம் ஊருக்குக் கொண்டுபோனார். இரண்டு கட்சி ஆட்களும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டதாகத் திரும்பி வந்து சொன்னார். அவ்வளவுதான்.

முசஃபாவுக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனால், கஃப்டீரியா வாசலில் எனக்கு ராஜ மரியாதை.

"ஆத்தா, டிரான்ஸ்பார்மரை மாத்திட்டாகளாம்! ஊருலேருந்து போன் வந்துச்சு," என்றார் கருப்பையா மாமா. "இன்னும் ஜெயிக்கக்கூட இல்ல, அதுக்குள்ள செஞ்சுட்டான்யா மனுசன்!"

"மாமா, அது நம்ம ஊரு மின்சார வாரியம் மாத்துனது."

"வாரியம் தானா மாத்துமா? மேலேருந்து ஒரு சத்தம் வந்திருக்கும்ல?"

அந்த ரூமில் இன்றுவரை என் பெயர் அமெரிக்கா ஆத்தா. ஊரில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் அம்மா போனில் சொல்வாள்: "உன் ஆளுக்கு ஒரு கார்டைப் போடுடி." அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். இந்தத் தடவை பத்து நிமிடத்தில் எழுதவில்லை, இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். இப்போது நடந்து போகும் ஒன்பது பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கி, அப்பாவின் அட்டை நகலையும் பின்னால் வைத்து, திங்கள்கிழமை காலையில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றேன். அடையாள அட்டை பைக்குள் இருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த கிளார்க் மனுவை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கடைசி வரியில் அவர் விரல் நின்றது.

"நகல்: உயர்திரு ஜெயித்த வேட்பாளர் அவர்கள், அமெரிக்கான்னு போட்டிருக்கே. என்னம்மா இது?"

"அது போன வருசமே போயிருச்சு சார்," என்றேன். "இது உங்க காப்பி."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், மனுவை ஒரு தடவை பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்து, கொஞ்சம் வேகமாகவே குத்தினார்.