பச்சைக் காது

ஒரே ஒரு தேங்காய்க்காக முனியப்பன் என்னை ஒகேனக்கல் ரோட்டில் துரத்திக்கொண்டு வந்தார் என்று நான் நம்பினேன். அரைகுறையாக அல்ல, முழுசாக நம்பினேன். கிடா வெட்டுவதாக வேண்டிக்கொள்ளும் அளவுக்கு நம்பினேன். இத்தனைக்கும் நான் வரலாற்று வாத்தியார். வகுப்பில் எதற்கெடுத்தாலும் "ஆதாரம் என்ன?" என்று கேட்டுப் பிள்ளைகளின் உயிரை வாங்குகிறவன். அன்றைக்கு என்னிடம் ஆதாரம் ஏராளமாக இருந்தது. வினையே அதுதான்.

பென்னாகரத்தில் என் வீட்டு வாசலில் ஒரு பழைய டீசல் கார் நிற்கிறது. வாங்கிய அன்று என் மனைவி ராணி, காட்டு ரோடு தொடங்கும் இடத்தில் இருக்கும் முனியப்பன் கோயிலுக்கு இரண்டு தேங்காய் எடுத்து வந்தாள். ஒன்று வண்டிக்கு, ஒன்று ஓட்டுகிறவருக்கு. வண்டிக்கு உண்டானதை உடைத்தோம். ஓட்டுகிறவருக்கு உண்டானதைக் காணோம். டிக்கியில்தான் வைத்தேன் என்று அவள் சொன்னாள். பார்த்தாயிற்று, இல்லை என்று நான் சொன்னேன். (நான் "பார்த்தாயிற்று" என்றால், திறந்து மூடியாயிற்று என்று பொருள்.) சரி, அடுத்த தடவை உடைத்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டோம். அடுத்த தடவை வரவே இல்லை.

சில மாதம் கழித்து வண்டியில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. வளைவில் திரும்பினால் கடகடவென்று ஓடி, கடைசியில் 'டொக்'. நேர் ரோட்டில் கப்சிப். மெக்கானிக் ஏறி உட்கார்ந்தால் அதுவும் இல்லை. பெண் பார்க்க வந்த வீட்டில் பையன் இருப்பதுபோல் வண்டி அவ்வளவு அடக்கமாகப் போகும். ஒருவர் ஸ்பிரிங் என்றார், இன்னொருவர் பேரிங் என்றார், மூன்றாமவர் "காதைக் காட்டுங்க சார்" என்று என் காதைப் பார்த்தார்.

ராணி கெடு வைத்துவிட்டாள். "ஞாயித்துக்கெழம பழைய இரும்புக்காரரு வர்றாரு. அதுக்குள்ள சத்தம் நின்னா வண்டி இருக்கட்டும். நிக்கலைன்னா வண்டி போவட்டும், நீங்க மட்டும் இருங்க."

அப்போதுதான் போனில் நான் இருந்த 'தகடூர் பழைய வண்டிகள்' குரூப்பில் கையேந்தினேன். ஜில்லா முழுக்கப் பழைய வண்டி வைத்துக்கொண்டு பொண்டாட்டியிடம் திட்டு வாங்குகிறவர்களின் சங்கம் அது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் எல்லோரும் வண்டி படம்தான் வைத்திருப்போம். ஆனால் கருவிகள் மட்டும் ஊர் ஊராகச் சுற்றும். ஆளுக்கு ஒன்று வாங்கிக் கட்டுப்படியாகாத கருவிகள். எஞ்சினுக்குள் விட்டுப் பார்க்கிற கேமரா ஒன்று. அதற்குக் 'கண்ணு' என்று பெயர். வண்டிக்கு அடியில் கவ்வ விடுகிற மைக்குகள் நாலு, அவற்றுக்குக் 'காது'. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நாலு காதும் நாலு நிறம். சந்தேகப்படும் இடங்களில் மாட்டிவிட்டு, ஹெட்போன் போட்டுக்கொண்டு, கையிலிருக்கும் பெட்டியில் குமிழைத் திருப்பினால் ஒவ்வொரு இடத்துச் சத்தமும் தனித்தனியாகக் கேட்கும். குரூப்பில் ஒரே ஒரு சட்டம்: ஓட்டுகிறவன் கேட்கக் கூடாது, கேட்கிறவன் ஓட்டக் கூடாது.

காது அப்போது ஏரியூர் பச்சியப்பனிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரிடமிருந்து செய்தி வந்தது. அந்த நேரம் பார்த்து என் போன் ராணி கையில் இருந்தது. அவள் உரக்கப் படித்தாள்.

"சார், காதை நல்லா கழுவித் துணியில சுத்தி வெச்சிட்டனுங்க. காலைல மொத பஸ்ஸுல வருது. பிரிக்கையில பாத்துப் பிரிங்க, ஒயரு பிஞ்சிரும்."

படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னுங்க... யாரு காது?"

"அது கருவிம்மா."

"அதை எதுக்குக் கழுவோணும்?"

எனக்கும் தெரியவில்லை. காலையில் கண்டக்டரிடமிருந்து வாங்கிவந்து பிரித்தபோது இன்னும் தெரியாமல் போயிற்று. பெட்டி மூடியில் விபூதிப் பட்டை. உள்ளே குங்குமம் தடவிய ஒரு எலுமிச்சம்பழம், பாதி காய்ந்து, என்னை முறைத்துப் பார்த்தபடி. காதுகளில் சிவப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது, நீலம் இருந்தது. பச்சை இருக்கவேண்டிய குழியில் ஒன்றும் இல்லை. ராணி எலுமிச்சம்பழத்தைத் துடைப்பத்தால் தள்ளி வாசலுக்கு வெளியே கொண்டுபோனாள். "சனிக்கெழம பாத்து வூட்டுக்குள்ள என்னென்னத்த எல்லாம் கொண்டாறீங்க."

(பச்சியப்பன் பக்திமான், கருவிக்குப் பூஜை போட்டிருக்கிறார், அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.)

மூன்று காது போதும் என்று வேலையில் இறங்கினேன். கியர்பாக்ஸில் நீலம், ஸ்பிரிங்கில் மஞ்சள். பின்னாடி இடது சக்கரத்தைக் கழற்றி உள்ளே சிவப்பை மாட்டினேன். சக்கரத்தைத் திரும்ப வைத்துக்கொண்டிருக்கும்போது ராணி, தோசை ஆறிப்போகுது என்று கூப்பிட்டாள். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து ஜாக்கியை இறக்கினேன். "கூட வா, நீ கேளு, நான் ஓட்டறேன்" என்றேன். "அந்தக் காதை நான் என் காதுல வெக்கவா?" என்றாள். விஷயம் முடிந்தது. ஆகவே சட்டத்தை மீறி நானே ஓட்டி, நானே கேட்பது என்று முடிவு செய்தேன். கிளம்பும்போது, ஒகேனக்கல் ரோட்டில் காதைச் சோதிக்கப் போகிறேன் என்று குரூப்பில் பெருமையாக ஒரு செய்தியும் போட்டேன்.

முனியப்பன் கோயிலைத் தாண்டும்போது உச்சி வெயில். எல்லா வண்டியும் நின்று, இறங்கி, ஒரு தேங்காயாவது ஒரு கும்பிடாவது போட்டுவிட்டுத்தான் காட்டுக்குள் நுழையும். நான் ஹெட்போனைக் கழற்றச் சோம்பல்பட்டு, முனியப்பனின் முறுக்கு மீசையைப் பார்த்து ஒரு சின்னத் தலையசைப்போடு போய்விட்டேன். பஸ் கண்டக்டருக்குப் போடுகிற தலையசைப்பு.

காட்டுக்குள் ஒரு ஈ காக்காய் இல்லை. ரோட்டோரம் எப்போதும் உட்கார்ந்திருக்கும் குரங்குகளைக்கூடக் காணோம். வெயில் அப்படியே நின்றது. சிவப்பில் ஏதோ நறநறவென்றது. மஞ்சளில் ஒன்றுமில்லை. நீலத்தில் எஞ்சின் உறுமல். குமிழை மறுபடி சிவப்புக்குத் திருப்பப்போய், கை தவறிப் பச்சைக்குப் போய்விட்டது.

பச்சைதான் இல்லையே, அதில் என்ன கேட்கும்? இரைச்சல் கேட்டது. மழை தூரத்தில் பெய்கிற மாதிரி ஒரே இரைச்சல். திருப்பப்போனேன். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து மெதுவாக ஒரு மணி ஒலித்தது.

கிணி... கிணி... கிணி...

குதிரைக் கழுத்து மணி. முனியப்பன் வாகனம் குதிரை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அப்புறம் யாரோ மூச்சு விட்டார்கள். அப்புறம் ஒரு ஆண் குரல், என் காதுக்கு உள்ளே இருந்து பேசுவதுபோல் கூப்பிட்டது.

"மாது சாரே..."

என் பெயர் மாதையன். மாது என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. ஆனால் வண்டிக்குள் நான் மட்டும்தான் இருந்தேன். (சாமி எதற்கு 'சாரே' போடுகிறது என்று ஒரு கணம் யோசித்தேன். வாத்தியார் உத்தியோகத்துக்கு எல்லா உலகத்திலும் மரியாதை உண்டு போலிருக்கிறது என்று பெருமையாகக்கூட இருந்தது. ஒரு கணம்தான்.)

"சாரே... நில்லுங்க சாரே..."

மிதித்தேன். வண்டி பறந்தது. குரல் இரைச்சலில் கரைந்து காணாமல் போனது. அப்பாடா என்று காலை எடுத்தேன். கிணி... கிணி... திரும்பவும் வந்துவிட்டது. நான் வேகமாகப் போனால் தேய்கிறது, மெதுவாகப் போனால் பக்கத்தில் வருகிறது. இப்போது கூடவே ஒரு பெண் குரல்.

"உடாதீங்க, புடிங்க அவர!"

முனியப்பன் ஒரு ஆள் துணையோடு வந்திருக்கிறார்.

அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் கண்ணாடியில் பின்னால் பார்த்திருப்பார்கள். நான் பார்க்கவில்லை. பின் சீட்டில் யாராவது உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? கையை நீட்டி, முன்னால் தொங்கிய கண்ணாடியை வண்டிக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டேன். பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்காமலிருக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டேன். ஹெட்போனைக் கழற்றியிருக்கலாமே என்று இன்றைக்கும் எல்லோரும் கேட்கிறார்கள். கழற்றினால், அதன் பிறகும் குரல் கேட்டால்?

பெண் குரல் சொன்னது: "அய்யோ, ஒண்ணு போச்சுங்க. இன்னும் மூணுதான் இருக்குது."

மூன்று என்ன? மூன்று வளைவா, மூன்று மூச்சா? எங்கள் வீட்டில் என்னோடு சேர்த்து நாலு பேர்.

"இன்னொண்ணும் போச்சு. வளைவுல முடிஞ்சிரும் பாருங்க."

முன்னால் வளைவு தெரிந்தது. "சாமி, கிடா வெட்டறேன்" என்றேன். "கருப்புக் கிடா" என்று தரத்தை உயர்த்தினேன். வளைவில் திரும்பியதும் பின்னாலிருந்து, என் உயிரை எடுக்க வந்த அதே பழைய சத்தம்: கடகடகட... டொக்.

அப்போது இடது பக்கம் ஒரு சக்கரம் என்னை முந்திக்கொண்டு போனது. தனியாக. அவசரமில்லாமல், ஒகேனக்கலுக்குக் குளிக்கப் போகிற மாதிரி. 'யாருடைய சக்கரம் இது?' என்று நான் நிஜமாகவே யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் வண்டி பின்பக்கமாகச் சாய்ந்து, ரோட்டைக் கிழித்துக்கொண்டு போய், ஒரு புளியமரத்தின்மேல் தோளைச் சாய்த்து நின்றது. புளியமரம் வேறு.

எனக்கு ஒரு கீறல் இல்லை. கதவைத் திறந்து விழுந்து எழுந்தால், புழுதிக்குள்ளிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். ஆறடி ஆள். நெற்றி நிறைய விபூதி. முறுக்கு மீசை. கையில் ஏதோ இரும்பு, வெயிலில் பளபளவென்று.

நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். "தேங்காய மறந்துட்டேன் சாமி! தலையை மட்டும் ஆட்டிட்டுப் போயிட்டேன் சாமி! பொண்டாட்டி புள்ளைங்க இருக்குது சாமி! கருப்புக் கிடாவே வெட்டறேன் சாமி!"

சாமி இரண்டடி பின்வாங்கியது. "சார், எந்திரிங்க சார், கல்லு சுடும். நான் பச்சியப்பனுங்க. ஏரியூரு."

தலையைத் தூக்கினேன்.

"காது குடுக்க வந்தனுங்க" என்றார். இடது கையை விரித்தார். பச்சைக் காது.

அவருக்குப் பின்னால் ஒரு கார் நின்றது. அதற்குள் அவர் மனைவி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அவர் குலுங்கக் குலுங்க, கண்ணாடியில் கட்டியிருந்த கோயில் மணி கிணிகிணியென்று ஆடியது. நான் ஹெட்போனை இன்னும் கழற்றவில்லை. மணி வெளியிலும் கேட்டது, ஹெட்போனுக்குள்ளும் கேட்டது.

பச்சியப்பன் தன் வண்டியில் மாட்டிய பச்சையைக் கழற்ற மறந்து, அணைக்கவும் மறந்து, மற்ற மூன்றையும் அனுப்பிவிட்டார். சனிக்கிழமை காலையில் அது டாஷ்போர்டுக்கு அடியில் மினுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். ஒகேனக்கலில் ஒரு காது குத்து இருந்ததால், நான் குரூப்பில் போட்ட செய்தியைப் பார்த்து, போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று வந்திருக்கிறார். காது ரேடியோ மாதிரி; இரண்டு மூன்று பஸ் நீளத்துக்குள் வந்தால் அவர் வண்டிக்குள் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். தள்ளிப் போனால் கேட்காது.

"தூரத்துல வரையிலயே ஹாரன் அடிச்சனுங்க, லைட்டு போட்டனுங்க. நீங்க பாட்டுக்குப் போறீங்க. சரி, காது கெடக்குது போன்னு உட்டுருக்கலாம். சக்கரம் ஆடுச்சுங்களே, எப்படி உடறது?"

அவர் மனைவி இறங்கிவந்து, "நட்டு ஒவ்வொண்ணாத் தெறிச்சு எங்க வண்டி மேல உழுது, அண்ணா. நான் எண்ணிக்கிட்டே வந்தன்" என்றார். பிறகு மறுபடியும் தலைப்பு வாய்க்குப் போய்விட்டது.

அவர்கள் காது குத்துக்குப் போகவேண்டியவர்கள். ஆனாலும் பச்சியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையிலிருந்த அந்த இரும்பைக் (வீல் ஸ்பேனர்தான்) கீழே வைத்துவிட்டு, ஸ்டெப்னியை எடுக்க என் டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னியைத் தூக்கியவர் உள்ளே கையை விட்டு எதையோ எடுத்தார்.

"சார், கிடா வேண்டாமுங்க" என்றார். "இதே போதும்."

இரும்புக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து, டீ குடித்துவிட்டு, வெறுங்கையோடு போனார். புளியமரக் காயத்தோடு வண்டி இன்னும் வாசலில் நிற்கிறது. எங்கள் குரூப்பில் இப்போது எந்தக் கருவி எந்த ஊருக்குப் போனாலும், வாங்கியவர் முதலில் போடவேண்டிய செய்தி ஒன்றுதான்: "வந்துருச்சு சாமி." ராணி ஒருபடி மேலே. வண்டியில் ஏறுவதற்கு முன்னால் டிக்கியைத் தட்டி, "உள்ள யாருங்க?" என்று கேட்காமல் அவள் ஏறுவதில்லை. பச்சியப்பன் மனைவிக்கும் அவளுக்கும் இன்றுவரை போனில் பேச்சு ஓயவில்லை. பேச்சுப் பொருள் நான்தான்.

கிடா வெட்டவில்லை. அந்தத் தேங்காயை மட்டும் திரும்பி வரும்போது முனியப்பன் கோயிலில் உடைத்தேன். மாதக்கணக்கில் உள்ளே கிடந்து, கொப்பரையாகக் காய்ந்து, குடுமியும் உதிர்ந்து இருந்தது. குடுமி உதிர்ந்ததால்தான் இடுக்கிலிருந்து விடுபட்டு உருள ஆரம்பித்திருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். காலையில் சக்கர நட்டு நாலையும் கையால் திருகிவிட்டு, ஸ்பேனர் போட்டு இறுக்காமல் தோசை சாப்பிடப் போனது நான். வளைவுக்கு வளைவு கடகடவென்று ஓடி 'டொக்' என்று முட்டியது, ஸ்டெப்னிக்குப் பின்னால் கிடந்த அந்த இரண்டாவது தேங்காய்.