ஜல் என்றால் தண்ணீர்

பள்ளிக்கூடத்தில் படித்த இந்தியை நம்பி மட்டும் யாரும் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துவிடாதீர்கள். (இந்திப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியவள் சொல்கிறேன்.)

கோயம்புத்தூரிலிருந்து புனேயில் கராடிக்கு நாங்கள் குடிவந்த புதிது. மாமியார் வந்திருந்தார், வந்த வேகத்தில் குடியிருப்புப் பெண்களோடு காலை வாக்கிங்கும் போக ஆரம்பித்திருந்தார். கணவர் ஆபீஸ் போனபின் குளிக்கப் போன அத்தையின் கையோடு குழாய் கழன்று வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சி அடித்ததில் பதறித் தாழ்ப்பாளை இழுத்தார், அதுவும் சிக்கிக்கொண்டது. (மெயின் வால்வு என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்று மாலைதான் தெரிந்தது.)

“கண்ணு, ஈரப் பாவாடையோட நிக்கறேன். ஊரைக் கூட்டிப்போடாத! நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டு அந்தப் பொம்பளைங்களோட வாக்கிங் போறது?”

அத்தையின் மானம் என் கையில். கதவு சிக்கினாலும் தீயணைப்புக்காரர்கள் வருவார்களாமே என்று போனை எடுத்தேன்.

“பாத்ரூம் மே சாஸ் ஹை. தர்வாஸா பந்த். பஹுத் ஜல் ரஹா ஹை!”

மாமியார் உள்ளே, கதவு திறக்கவில்லை, தண்ணீர் நிறைய வருகிறது. சரியாகத்தானே சொன்னேன்?

“ஆப் கௌன்?” நீங்கள் யார் என்று மறுமுனை அலறியது.

“பஹூ” என்றேன் பணிவாக. மருமகள். கூடவே, சைரன் வேண்டாம், விளக்கு வேண்டாம், யாருக்கும் தெரியக் கூடாது, அவசரமில்லை, மெதுவாக வாருங்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

வந்தார்கள். சைரன் அலற இரண்டு வண்டிகள், பின்னால் ஆம்புலன்ஸ், அதற்கும் பின்னால் போலீஸ் ஜீப். பால்கனி முழுக்கத் தலைகள். வாக்கிங் பெண்கள் மொத்தமும் கீழே. கதவை உடைத்தால், நனைந்த கோழியாக அத்தை.

பெண் போலீஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அத்தையிடம் இந்தியில் கேட்டார், மருமகள் கொடுமைப்படுத்துகிறாளா என்று. வாக்கிங்கில் அத்தை கற்ற ஒரே இந்தியை அப்போதுதான் எடுத்துவிட்டார்.

“ஹாங், ஹாங்.” ஆமாம், ஆமாம்.

பிடி இறுகியது. நான் குழாயைக் காட்டி, “ஜல்! ஜல்!” என்று கத்தினேன்.

தீயணைப்பு அதிகாரி குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தண்ணீருக்கு ‘பானீ’ என்று சொல்ல வேண்டுமாம். ‘ஜல் ரஹா ஹை’ என்றால் எரிகிறது என்று அர்த்தமாம். வெறும் கதவும் தண்ணீரும் என்றால் அவர்களே சைரன் போடாமல்தான் வருவார்களாம். “மாமியார் எரிகிறார், சத்தமில்லாமல் மெதுவாக வாருங்கள் என்று மருமகள் சொன்னால் என்னம்மா செய்வது?” என்றார்.

ஐயோ! அப்படியா சொன்னேன்? ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அத்தை கோயம்புத்தூரிலிருந்து சொல்லிவிட்டு வந்ததே கிடையாது. கதவைத் திறந்தால் பெட்டியோடு நிற்பார்.

“ஒரு போன் பண்ணக் கூடாதாங்கத்தே?”

“சைரன் போடாம வான்னு நீதான கண்ணு சொன்ன?”