கீரி வாயைத் திறக்கவில்லை

ஒரு காட்டில் சிங்கராஜாவுக்குப் பற்கள் ஒவ்வொன்றாக ஆடி, கடைசியில் எல்லாமே விழுந்துவிட்டன. இது ராஜாவுக்குத் தெரியும். நிர்வாகத்தைக் கவனித்துவந்த ஓநாய்க்குத் தெரியும். இறைச்சியைப் பப்பாளிப் பாலில் ஊறவைத்து, கல்லில் நைய இடித்துக் கொடுக்கும் கீரிக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் மான்கள் பயப்படாது. மலைக்கு அப்பால் இருக்கும் புலி சும்மா இருக்காது. எல்லாவற்றுக்கும் முன்னால் கீரிக்கு வேலை போய்விடும்.

கீரியின் பெயர் தணிகாசலம். வீடு நிறையக் குட்டிகள். குகை வேலைக்கு வருவதற்கு முன்னால் அது பாம்பு பிடித்துப் பிழைத்தது. அந்தப் பிழைப்புக்குத் திரும்பிப் போக அதற்கு மனமில்லை.

குகைக்குள் என்ன சத்தம் என்று பக்கத்துப் புதர் முயல் செங்கமலம் அடிக்கடி விசாரிக்கும். மிளகாய் இடிக்கிறேன் அக்கா என்று தணிகாசலம் சொல்லும். சொன்ன கையோடு, பெரியவளுக்கு வரன் ஏதும் அமைந்ததா என்று கேட்கும். பேச்சு வரன் பக்கம் போனால் பொழுது சாயும்வரை திரும்பாது. ரகசியம் பத்திரமாக இருந்தது.

ஒருநாள் ஓநாய் இதைக் கேட்டுவிட்டது. அதற்கு மிகவும் வருத்தம். குகை ஊழியர் ஒருவர் வாய் கூசாமல் பொய் சொல்வது குகையின் தரத்துக்கு ஏற்றதல்ல என்றது.

"பொய் சொல்லாதே. சொல்ல முடியாதுன்னு சொல்லு."

"தமிழ்ல அப்படிச் சொன்னா சண்டைங்கய்யா. அக்கா அப்புறம் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடாது."

ஓநாய் யோசித்தது. அப்படியானால் ஆங்கிலத்தில் சொல் என்றது.

பனிக்காலத்துக்கு ஏரியில் வந்து தங்கும் வெளிநாட்டு வாத்து ஒன்று பேச்சு ஆங்கில வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது. தணிகாசலம் இடிக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அங்கே போய் உட்கார்ந்தது. ரகசியமான வேலையைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் கேட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும், பிறகு வருத்தம் தெரிவிக்க வேண்டும், பிறகு புன்னகைக்க வேண்டும் என்று வாத்து சொல்லிக்கொடுத்தது. தணிகாசலம் புன்னகைத்துக் காட்டியது. முன்வரிசைத் தவளைகள் தண்ணீரில் குதித்தன. பல் தெரியாமல் புன்னகைக்கும்படி வாத்து திருத்தியது. இன்னொன்றும் சொன்னது: ரகசியம் அல்லாத விஷயங்களை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும், அதுதான் நாகரிகம்.

அடுத்த நாள் ஓடைக்கரையில் செங்கமலம் பிடித்துக்கொண்டது. உள்ளே என்ன தம்பி சத்தம், இன்றைக்கும் மிளகாயா என்று கேட்டது. தணிகாசலம் நிமிர்ந்து நின்றது.

"தேங்க் யூ ஃபார் ஆஸ்கிங், அக்கா. ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ ஆம் நாட் அட் லிபர்ட்டி டு டிஸ்கஸ் தட்."

சொல்லிவிட்டுப் பல் தெரியாமல் புன்னகைத்தது.

செங்கமலத்துக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் மிளகாய்க்கு இவ்வளவு நீளமான பதில் வராது என்பது தெரிந்தது. தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ராஜாவுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று மெதுவாக ஆரம்பித்தது. கால் எப்படி என்று கேட்டது. வெரி வெல், அக்கா. கண்? வெரி வெல். காது, வால், பிடரி எல்லாமே வெரி வெல். வயிறுகூட வெரி வெல்தான்.

"பல்லு?"

தணிகாசலம் கேட்டதற்கு நன்றி சொன்னது. வருத்தம் தெரிவித்தது. புன்னகைத்தது.

"ஐயோ பாவம், எல்லாமேவா?" என்றது செங்கமலம்.

அதற்கும் அதே நீளத்தில் பதில் வந்தது.

மறுநாள் மான்கள் குகை வாசலில் மேய்ந்தன. ராஜா வெளியே வந்து கர்ஜித்தது. ஒரு மான் நிமிர்ந்து பார்த்து, இந்தப் பனியில் எதற்கு வெளியே வருகிறீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டது.

குகைக்குள் விசாரணை கூடியது. விஷயத்தை வெளியே விட்டது யார் என்று தெரிந்தால் கடித்துக் குதறிவிடப்போவதாக ராஜா சொன்னது. மரியாதைக்காக எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தணிகாசலத்துக்கு மட்டும் நிஜமாகவே பயம். அதன் கண்ணுக்கு முன்னால் பாம்புகளாக வந்தன.

ஓநாய் செங்கமலத்தைச் சாட்சிக்கு அழைத்து, ராஜாவின் பல்லைப் பற்றிக் கீரி என்ன சொன்னது என்று கேட்டது.

"இந்தப் பிள்ளையா? தங்கமான பிள்ளைங்க. நானும் எப்படி எப்படியோ கேட்டுப் பார்த்தேன். பல்லைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை சொல்லலை."

பிறகு யார் சொன்னது என்று ஓநாய் கேட்டது. யாரும் சொல்லவில்லை, தெரிந்தது என்றது முயல்.

ஓநாய் தீர்ப்பு வாசித்தது. ரகசியம் வெளியேறியது உண்மை. அது ஊழியர் எவர் மூலமாகவும் வெளியேறவில்லை. கீரியின் நடத்தை பாராட்டுக்குரியது. மற்ற ஊழியர்களும் இதே வகுப்புக்குப் போக வேண்டும். எல்லோரும் போனார்கள். அந்த வாரமே மலைக்கு அப்பாலிருந்து புலியின் ஆட்கள் வந்து, உங்கள் ராஜா சௌக்கியமா என்று பொதுவாகக் கேட்டார்கள். காவல் நின்ற கரடி முதல் பெருக்குகிற காட்டுக்கோழி வரை எல்லோரும் நன்றி சொல்லி, வருத்தம் தெரிவித்து, புன்னகைத்தார்கள்.

புலி மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. சிங்கம் பின்வழியாகப் போனது. எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

புது ராஜா பழைய ஊழியர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தது. பெரும்பாலானவர்களை அங்கேயே வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. ஓநாய்க்கும் வேலை போயிற்று. கடைசியில் தணிகாசலம் போனது. இங்கே இதுவரை என்ன வேலை பார்த்தாய் என்று புலி கேட்டது. அது உலகத்துக்கே தெரிந்த விஷயம். ஆனாலும் தணிகாசலம் நிமிர்ந்து நின்று, கேட்டதற்கு நன்றி சொல்லி, அதைப் பற்றிப் பேசத் தனக்கு அனுமதியில்லை என்று ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்தது.

புலி அதை வெகுநேரம் பார்த்தது. எழுந்து போய்க் குகை வாசலை ஒரு கல்லால் மூடியது. திரும்பி வந்து கீரியின் பக்கத்தில் குனிந்து, "உன்னை மாதிரி ஓர் ஆளைத்தான் தேடிட்டிருந்தேன்" என்றது. பிறகு தன் வலது கண்ணைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது.

நீதி: ரகசியம் எந்த வழியாக வேண்டுமானாலும் வெளியே போகட்டும். உங்கள் வாய் வழியாகப் போகவில்லை என்றால் உத்தியோகம் நிலைக்கும்.