தாமல் ஏரியில் நான் ஃபெயிலான கதை

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது எதையாவது பரீட்சை என்று சொல்லிவிட்டால் அதில் தேறியே தீரவேண்டும். தேறினால் என்ன கிடைக்கும், கிடைக்கிற பொருள் நமக்கு வேண்டியதுதானா என்றெல்லாம் யோசிக்கும் பழக்கம் கிடையாது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து, எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போய், எஸ்.எஸ்.எல்.சி.யில் ஒரே தடவையில் தேறியவள் நான். என் எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் புத்தகத்தை அப்பா சாமி அலமாரியில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினார்கள். (இது எனக்குக் கொஞ்சமும் அதிகமாகத் தோன்றவில்லை என்பதிலிருந்தே அப்போது என் தலை எந்த அளவுக்குக் கனத்திருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.)

அந்த ஆடி மாதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒன்று, ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம். புதன்கிழமைக்குள் சேர்ந்தாக வேண்டும். இன்னொன்று, தாமலிலிருந்து அத்தை.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் சொல்லுக்கு அப்பாவிடம் மறுசொல் கிடையாது. வந்து உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"டேய் தம்பி, இவள எம் புள்ளைக்குக் குடுத்துடு. ஆவணி பொறந்ததும் முடிச்சிடலாம்."

அப்பா தறி நாடாவைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இல்லக்கா... டீச்சர் படிப்புக்குக் கூப்ட்டுக்கிறாங்க. புதன்கிழமைக்குள்ள சேரணுமாம்."

"சேத்துக்கலாம், சேத்துக்கலாம். ஞாயித்துக்கிழம எங்கூர்ல கூழ் ஊத்தறோம். இவளயும் இட்டுக்கினு வா. எங்க வூட்டுக்கு ஒத்து வருவாளான்னு நானும் ஒரு பரீட்ச வெச்சிப் பாக்கறேன். அப்பறம் சொல்றேன்."

எனக்குக் கல்யாணம் வேண்டாம். டீச்சராக வேண்டும். அதற்காக இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருந்திருக்கிறேன் (ராத்திரி யாரும் பார்க்காதபோது முறுக்குச் சாப்பிட்டது தனி). ஆனால் 'பரீட்ச' என்ற அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் மற்றதெல்லாம் மறந்துபோனது.

என்ன பரீட்சை என்பது தாமலில் போய்த்தான் தெரிந்தது. அத்தைக்கு மீன் பிடிப்பது உயிர். மாமாவுக்கோ தண்ணீர் என்றால் பயம். அவர்கள் மகன், அதாவது என் அத்தான், கிணற்றையே எட்ட நின்று பார்க்கிற ஆள். அதனால் பனைமரத்தைக் குடைந்து செய்த ஒற்றைத் தோணியில் அத்தை தனியாகத்தான் ஏரிக்குள் போவாள். ஒரே ஆள் ஒரு கையால் கோல் ஊன்றித் தோணியை நிறுத்தி, இன்னொரு கையால் தூண்டில் போட வேண்டும்.

"எனக்கு மருமவள்லாம் வேணாம்மா. கோல் புடிக்க ஒரு ஆளு வேணும்" என்றாள் வெளிப்படையாக.

நான் உடனே கேள்விகள் கேட்க ஆரம்பித்தேன். விரால் எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை மூச்சுவிட மேலே வரும்? அலை எந்தப் பக்கமிருந்து வந்தால் கோலை எந்தப் பக்கம் ஊன்ற வேண்டும்? எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோயிருந்த நோட்டில் எழுதி, முக்கியமான இடங்களில் அடிக்கோடும் போட்டேன். அத்தான் அந்த நோட்டைப் பார்த்த பார்வை, கிணற்றைப் பார்க்கும் பார்வை போலவே இருந்தது.

கூழ் ஊற்றிய மறுநாள் காலை ஏரிக்கரையில் நின்றோம். முந்தின வருஷம் நல்ல மழை. ஆடியிலும் ஏரி பாதிக்குமேல் கிடந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. காற்று சேலையைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. கடலைப் பார்த்திராத எனக்கு அதுதான் கடல்.

"இந்தக் காத்துலயா போவணும்?" என்றார் மாமா, பத்தடி பின்னால் நின்றுகொண்டு.

"காத்தடிச்சாதான் விரால் கோரைப் பக்கம் ஒதுங்கும். நீ போயி மொளகா அரைக்கச் சொல்லு."

கோலை என் கையில் கொடுத்து அத்தை சொன்ன பாடம் ஒரே வரி. "தோணி மூக்கு காத்தப் பாத்துக்கினு இருக்கணும். இன்னா ஆனாலும் கோல வுட்டுடாத."

இன்னா ஆனாலும். நான் அதை நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன்.

அரைமணி நேரம் நான் கோல் பிடித்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். அலை தோணியைத் தூக்கிப் போடுகிறது, முகத்தில் தண்ணீர் அடிக்கிறது, நான் அசையவில்லை. கரையில் கூழுக்கு வந்த சொந்தக்காரர்கள் கூட்டம். அப்பாவும் நிற்கிறார். "பரவால்லயே, படிச்ச கையி!" என்றாள் அத்தை. நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டேன் என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் விரால் கடித்தது. தூண்டிலில் இரையாகக் கோத்திருந்த தவளையை விழுங்கிக்கொண்டு கோரைக்குள் ஓடியது. அத்தை வெடுக்கென்று இழுத்தாள். நரம்பு மாதிரி விறைத்த நூல், பட்டென்று நடுவில் அறுந்தது.

இங்கேதான் எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நடை வருவதற்கு முன்பே ஒரு சட்டம் வந்துவிடும்: இழை அறுந்தால் பிணைத்துவிட்டுத்தான் மறுவேலை. சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போய்ப் பிணைக்க வேண்டும். ஒரு இழை விட்டுப்போனால் புடவை முழுக்கக் கோடு விழும். அறுந்த நூலைப் பார்த்ததும் கை தானாகப் போகும். புத்தியைக் கேட்காது.

தூண்டிலிலிருந்து ஒரு முனை காற்றில் பறந்து என் கன்னத்தில் அடித்தது. இன்னொரு முனை தக்கையோடு தோணி ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் இதை ஒரு கையால் பிடித்தேன். அதை இன்னொரு கையால் பிடித்தேன். மனிதர்க்கு இரண்டு கைதான் என்பதைக் கவனிக்கவும்.

"கோலு! அடியே, கோலப் புடிடீ!"

"ஒரு நிமிசம் அத்த! முடிச்சு வுழுந்துக்கினே இருக்குது!"

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு முனையையும் சேர்த்து, எச்சில் தொட்டு, நிதானமாகத் திரித்து முடிச்சுப் போட்டேன். தோணி சாவகாசமாகக் குறுக்கே திரும்பியது. அடுத்த அலை வந்து எங்கள் இருவரையும் ஏரியில் கொட்டியது.

நான் செத்தேன் என்றே நினைத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, காமாட்சியில் தொடங்கி ஊரிலுள்ள சாமிகளை ஒரு கோயில் விடாமல் கூப்பிட்டேன். காஞ்சிபுரத்தில் கோயில்கள் அதிகம், நேரம் பிடித்தது. வரதராஜரை நெருங்கும்போது அத்தையின் குரல் கேட்டது.

"ஏய், எழுந்து நில்லுடி!"

நின்றேன். தண்ணீர் இடுப்பளவு.

எதிரே அத்தை, கொண்டை அவிழ்ந்து, இரைக்குக் கொண்டுவந்த தவளைகளில் தப்பித்த ஒன்று தோளில் உட்கார்ந்திருக்க நின்றிருந்தாள். கரையில் ஒருவரும் சிரிப்பை மறைக்கவில்லை. கோல் போன இடம் தெரியவில்லை. தோணி எதிர்க்கரையைப் பார்த்துத் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. (அதைத் திருப்பிக் கொண்டுவர மாமாவும் மூன்று பேரும் பொழுது சாயும்வரை ஏரியைச் சுற்றி நடந்தார்கள்.) என் கையில் மட்டும் நூல் பத்திரமாக இருந்தது. அத்தை அதை வாங்கி மெல்ல இழுத்தாள். நுனியில் வெறும் முள் வந்தது.

"முடிச்சு கல்லாட்டம் நிக்குது" என்றாள். "மீனுதான் இல்ல."

வீட்டுக்குப் போனதும் தலையைத் துவட்டியபடியே தீர்ப்புச் சொன்னாள். "தம்பி, ஒம் பொண்ணு எனக்கு வேணாம்ப்பா."

நான் ஓவென்று அழுதேன். அப்பா பதறிப்போனார். "அத்தான் மேல அவ்ளோ ஆசையாம்மா?" அத்தான் முகம் வெளுத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"அதில்லப்பா! நான் எதுலயுமே ஃபெயிலானதில்ல. இன்னொரு தடவ பரீட்ச வெக்கச் சொல்லுப்பா!"

அத்தை துவட்டுவதை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏண்டி பைத்தியம், பாசாயிருந்தா காலம் பூரா கோல் புடிச்சிக்கினு இங்கியே கெடந்திருப்ப. ஃபெயிலானதாலதான் பொழச்ச! டேய் தம்பி, புதன்கெழம வரைக்கும் பாத்துக்கினு இருக்காத, நாளைக்கே இட்டுக்கினு போயி சேத்துடு. தோணியே முழுவுனாலும் அறுந்தத ஒட்டாம வுடாது இது. புள்ளைங்களுக்குப் பாடம் சொல்ல இந்த மாதிரி ஆளுதான் லாயக்கு."

மறுநாளே சேர்ந்தேன். இன்று டீச்சராக இருக்கிறேன். அத்தானுக்கு அடுத்த தையில் ஓரிக்கையில் பெண் எடுத்தார்கள். பாலாற்றங்கரையில் வளர்ந்தவள், ஒற்றைக் கையால் கோல் பிடிக்கிறாள்.

போன மாதம் என் தங்கை, தானும் மேலே படிக்க வேண்டும் என்று அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அப்பா தறியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"என்ன ஏம்மா கேக்கற? மொதல்ல தாமலுக்குப் போயி அத்தைய ஏரில தள்ளிட்டு வா."