முகம் பார்த்துத் திறக்கும் கதவு

உலகத்தில் கதவு செய்த அத்தனை பேரும் மரத்தையும் இரும்பையும் பற்றித்தான் யோசித்திருக்கிறார்கள். மனிதனை மனத்தில் வைத்துக் கதவு செய்த முதல் மேதை எங்கள் கணினித் துறைப் பேராசிரியர். அவருடைய ஆராய்ச்சி மாணவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. என் பட்டத்துக்கு அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதற்கும் இந்தப் பாராட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அவர் துறைக்கு 'மனித மையக் கணினியியல்' என்று பெயர். அதாவது, மனிதனை நடுவில் நிறுத்திச் சுற்றிலும் கணினியை வைப்பது. அவர் செய்த கதவில் கைப்பிடி கிடையாது. ஒரு கேமராவும் ஓர் இனிமையான பெண் குரலும் உண்டு. எதிரே நிற்பவரின் முகத்தைப் படித்துப் பார்த்து, அவர் 'மகிழ்ச்சியாக' இருந்தால் மட்டுமே திறக்கும். கோபமாக இருப்பவரை வெளியே விட்டால் அவருக்கே ஆபத்து அல்லவா? இனி மீட்டிங்கிலிருந்து யாரும் முறைத்துக்கொண்டு எழுந்து போக முடியாது என்று தெரிந்ததும் நிர்வாகம் புல்லரித்துப்போய் நிதி ஒதுக்கியது.

சோதனைக்கு ஆள் வேண்டும். மாணவர்கள் எப்படியோ மோப்பம் பிடித்துத் தலைமறைவாகிவிட்டார்கள். கடைசியில் பேராசிரியர் தம் மனைவியையே அழைத்து வந்தார்.

"பத்தே நிமிஷம்மா. பாப்பாவைக் கூப்பிடப் போறதுக்குள்ள முடிஞ்சிடும்."

விதிப்படி மேடத்தின் போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். மேடம் உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. நாங்கள் இருவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தோம். எங்களுக்கு மேடம் தெரிவார், மேடத்துக்கு நாங்கள் தெரிய மாட்டோம். சோதனை நடக்கும்போது ஆய்வாளர்கள் உதவக் கூடாது, உதவினால் தரவு கெட்டுவிடும். எங்கள் துறையின் புனித விதி அது.

கொடுத்த வேலையை முடித்துவிட்டு மேடம் கதவருகே வந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஐயையோ, ஸ்கூல் விட்டிருக்குமே! கதவைத் திறங்க!"

"நீங்கள் சற்றுப் பதற்றமாக இருக்கிறீர்கள்," என்றது கதவு. "புன்னகை செய்யுங்கள், திறக்கிறேன்."

"குழந்தை கேட்ல தனியா நிப்பா! மழை வேற கொட்டுது!"

"உங்கள் பதற்றம் கூடியிருக்கிறது."

மேடம் கேமராவுக்கு எதிரே பல்லைக் காட்டினார்.

"இது உண்மையான புன்னகை அல்ல," என்றது கதவு.

பேராசிரியர் பூரித்துப்போனார். "பார்த்தியா, பொய்ச் சிரிப்பைக் கண்டுபிடிச்சிடுச்சு! கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல எனக்கே தெரிஞ்சதில்லைப்பா."

மேடம் கண்ணாடியைப் படபடவென்று தட்டினார். "என்னங்க, அங்கதானே உட்கார்ந்திருக்கீங்க? நீங்களாவது போய்ப் பாப்பாவைக் கூட்டிட்டு வாங்களேன்!"

"பங்கேற்பாளருக்குக் குடும்ப ஞாபகம் வருது. குறிச்சுக்கோ."

"சார், அது உங்க குடும்பம்."

"அதைக் குறிக்காதே. பாரபட்சம்னு சொல்லுவாங்க."

நான் எழுந்தேன். "நான் ஒரு ஓட்டம் ஸ்கூலுக்குப் போயிட்டு வந்துடறேன் சார்."

"தாராளமா போ. பட்டம் வேண்டாம்னா அப்படியே வீட்டுக்கும் போயிடு."

நான் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். மேடம் அழ ஆரம்பித்தார். கண்களில் ஈரம் தென்படுவதாகவும், சற்று ஓய்வெடுப்பது நல்லது என்றும் கதவு அறிவுரை வழங்கியது.

பேராசிரியரும் மனிதர்தானே, மனம் இளகிவிட்டது. புனித விதியையே மீறி மைக்கை எடுத்தார். "அழாதேம்மா. இந்தக் கதவு முழுக்க முழுக்க உன் மனசைப் புரிஞ்சுக்கத்தான் செஞ்சது. இங்க எல்லாமே உன்னைச் சுத்தித்தான் நடக்குது."

மேடம் ஒரு கணம் கண்ணாடியையே பார்த்தார். பிறகு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய, மூச்சு வாங்கச் சிரித்தார். அதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

"மகிழ்ச்சி உறுதி செய்யப்பட்டது. நன்றி," என்று கதவு திறந்தது.

மேடம் போனைக்கூட வாங்காமல் மழையில் ஓடினார். "வெற்றி!" என்று பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

போனைக் கொடுப்பதற்காகச் சாயங்காலம் நானும் அவருடன் வீட்டுக்குப் போனேன். சாதாரண மரக்கதவு. யார் வந்திருப்பது என்று உள்ளேயிருந்து பார்க்க ஒரு சின்னத் துளை. பேராசிரியர் மணியை அடித்தார். உள்ளே பாப்பா அடுக்கடுக்காகத் தும்முவது கேட்டது. துளைக்குப் பின்னால் ஒரு கண் வந்து நின்றது.

"நீங்கள் சற்றுப் பதற்றமாக இருக்கிறீர்கள்," என்றது மேடத்தின் குரல், மிக இனிமையாக. "புன்னகை செய்யுங்கள், திறக்கிறேன்."

பேராசிரியர் துளைக்கு நேரே குனிந்து பல்லைக் காட்டினார்.

"இது உண்மையான புன்னகை அல்ல."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்ததோ சுத்தமான அறிவியல் வியப்பு.

"கேமரா கிடையாது, சென்சார் கிடையாது. ஒரு மனுஷன் மூஞ்சியைப் பார்த்தே இவளுக்கு எப்படிப்பா எல்லாம் தெரியுது?" என்றார். "குறிச்சுக்கோ."