காத்தாடி முதலாளியும் சாப்பிடப்போன டேட்டா டீமும்

"டேட்டா சயன்ஸ் எண்டது உங்களுக்குச் சரிவராது பிள்ளை. அது கொழும்புச் சாமான்."

இதை எனக்குச் சொன்னவர், சொல்லி முடிக்கும்போது என்னைவிட்டு வெகுதூரம் போயிருந்தார். விளக்கத்தின் மீதியைக் கேட்க நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தில் எத்தனையோ கப்பல்கள் வந்து நிற்கின்றன. இழுவைப் படகுகள் நிற்கின்றன, லொறிகள் நிற்கின்றன, சிலவேளை காற்றுக்கூட நின்றுவிடும். எங்கள் முதலாளி ஓரிடத்தில் நின்றதை மட்டும் இந்தத் தீவில் யாரும் கண்டதில்லை.

அதனால் அவருக்குப் பெயர் காத்தாடி. சொந்தப் பெயரில் கடிதம் கொண்டுவந்த தபால்காரரை, "அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை" என்று எங்கள் காவலாளியே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

கப்பல்களுக்குச் சாமான் கொடுப்பதுதான் எங்கள் கொம்பனியின் தொழில். துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தால் அதன் சமையல்காரருக்கு வேண்டிய வெங்காயம், முட்டை, கோழி, கீரை, குடிதண்ணீர், சிலவேளை கயிறும் பெயின்றும், எல்லாவற்றையும் படகில் ஏற்றிப் போய்க் கொடுப்போம். காத்தாடியின் அறையில் நல்ல சுழல் கதிரை ஒன்று இருந்தது. அதில் பூனை படுத்திருக்கும். காசோலைகளை அவர் ட்ரைவரின் முதுகில் வைத்துக் கையெழுத்திடுவார். ட்ரைவர் லீவு எடுத்த ஒருநாள் மேசையில் வைத்துக் கையெழுத்திட்டார். கையெழுத்துப் பொருந்தவில்லை என்று வங்கி காசோலையைத் திருப்பி அனுப்பிவிட்டது.

நான் இறக்கக்கண்டியில் இருந்து பஸ்ஸில் வருகிறவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். அதோடு நிற்காமல் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்துப் பட்டமும் எடுத்தேன். இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன். வேறு யார் எழுதப்போகிறார்கள்? அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு காத்தாடியிடம் நான் செய்த வேலை இரண்டு: விலைப்பட்டியல் தட்டுவது, தேத்தண்ணி ஆறுவதற்குள் அவர் எங்கே போகிறார் என்று கண்டுபிடிப்பது.

இப்படி இருந்த எங்கள் கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, ஒருநாள் கொழும்பிலிருந்து போன் வந்தது. எங்களுக்கு அதிகக் கப்பல்களைத் தருகிற ஏஜென்சியின் மனேஜர் அம்மா பேசினார். காத்தாடி போனைச் சத்தமாக விட்டுக்கொண்டு கந்தோருக்குள் நடந்தார். அந்த அம்மா சொன்னது இதுதான்: எந்தக் கப்பல் எதை எவ்வளவு கேட்கும் என்று பழைய தரவுகளைப் பார்த்து முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும் கொம்பனிகளுக்குத்தான் இனி ஒப்பந்தம். அப்போதுதான் சாமான் அழுகாது, கப்பலும் காத்திருக்காது.

"உங்கட டேட்டா டீமோட கொஞ்சம் பேச ஏலுமா?" என்று கேட்டார்.

"அவையள் இப்பதான் சாப்பிடப் போட்டினம்," என்றார் காத்தாடி.

அப்போது காலை ஒன்பது மணி.

"பரவாயில்ல. அடுத்த மாசம் நான் நேர்ல வந்து அவங்களப் பாக்கிறன்," என்று அந்த அம்மா போனை வைத்தார்.

கணக்குப் பகுதியில் இருந்தவர், நாங்கள் அக்கா முறை வைத்து ராத்தா என்று கூப்பிடும் கிண்ணியா நஸ்ரின் ராத்தா, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "சாப்பிடப் போனவங்கள ஒரு மாசத்துக்குள்ள தேடிப் புடிக்கணும் புள்ள. முதல்ல அவங்க பொறந்தாங்களா எண்டு பாக்கணும்."

அந்த ஒப்பந்தம் போனால் எங்களில் பாதிப்பேருக்கு வேலை இல்லை. அது எல்லோருக்கும் இருந்த பயம். எனக்கு அதோடு இன்னொரு தவிப்பும் இருந்தது. அவர் தேடவேண்டிய ஆள் இதே கந்தோரில் விலைப்பட்டியல் தட்டிக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லத்தான் அவர் பின்னால் படகுகள் கட்டும் ஜெட்டி வரைக்கும் ஓடினேன். எனக்குக் கிடைத்த பதிலைத்தான் முதல் வரியில் எழுதியிருக்கிறேன்.

"ஆனா பிள்ளை, நீங்கள் படிச்சனீங்கள்தானே. ஆளைக் கண்டா உங்களுக்கு விளங்கும். ஆளைத் தேடித் தாங்கோ," என்றார்.

சமைக்கத் தெரிந்தவளைக் கடைக்கு அனுப்பிச் சோறு வாங்கச் சொன்ன மாதிரி இருந்தது. கோபத்தோடுதான் விளம்பரம் எழுதினேன். 'தரவு விஞ்ஞானி தேவை. துறைமுக அனுபவம் விரும்பத்தக்கது.' அதைப் பத்திரிகைக்கு நானே அனுப்பியிருப்பேன். காத்தாடிக்குப் பொறுமை இல்லை. காகிதத்தைப் பறித்துக்கொண்டு படகில் ஏறினார். எஞ்சின் இரைச்சலுக்குள் நின்று, இல்லை, நடந்து, பத்திரிகைக்காரருக்குப் போனில் வாசித்தார். சனிக்கிழமை விளம்பரம் அழகாகக் கட்டம் போட்டு வந்திருந்தது.

'தரகு விஞ்ஞானி தேவை.'

ஒரே ஓர் எழுத்து. திங்கட்கிழமை கந்தோர் வாசலில் கூட்டம். கந்தளாயிலிருந்து வந்த காணித் தரகர், யாருடையதோ வயலின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். மாட்டுத் தரகர் ஒருவர் வெற்றிலையோடு வந்தார். குச்சவெளியிலிருந்து ஒரு கலியாணத் தரகர் மூன்று பைகளோடு முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கியிருந்தார்.

"விஞ்ஞானி எண்டது எனக்குப் புதுசு. மற்றச் சொல்லுக்கு நான் சரியான ஆள்," என்றார் அவர்.

நான் தடுப்பதற்குள் காத்தாடி அவரை விறாந்தையில் நடத்திக் கூட்டிப்போய் நேர்முகத்தேர்வைத் தொடங்கிவிட்டார்.

"அனுபவம்?"

"முப்பது வருசம்."

"டேட்டா எவ்வளவு வைச்சிருக்கிறீங்கள்?"

"மாப்பிள்ளை ஒரு பை. பொம்பிளை ரெண்டு பை."

"என்னெண்டு பொருத்துவீங்கள்?"

"உயரம், தொழில், சாதகம். மாப்பிள்ளை வெளிநாடு எண்டாச் சாதகம் பாக்கிறேல்ல."

காத்தாடி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். "பாத்தீங்களோ பிள்ளை, எது தேவை எது தேவையில்லை எண்டு ஆளுக்குத் தெரியுது."

"சேர், இவர் கலியாணத் தரகர்."

"அதுக்கென்ன? கப்பலுக்கும் வெங்காயத்துக்கும் பொருத்தம் பாக்கட்டும்."

அவரைப் பஸ் ஏற்றுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. போகும்போதும் வாசலில் நின்று, "பிள்ளைக்கு என்ன நட்சத்திரம்?" என்று கேட்டார். நஸ்ரின் ராத்தாதான் காப்பாற்றினார். "அவட டேட்டா இன்னும் முழுசாகல்ல. பொறகு வாங்க."

எழுத்தைத் திருத்தி மறுபடி போட்டோம். இணையத்திலும் போட்டோம். இந்த முறை நிஜமான ஆட்கள் விண்ணப்பித்தார்கள். நிஜமான தொல்லையும் அப்போதுதான் தொடங்கியது. ஊர் உலகமெல்லாம் இதே ஆட்களைத்தான் தேடிக்கொண்டிருந்தது. வங்கிக்கு வேண்டும், போன் கொம்பனிக்கு வேண்டும், சவர்க்காரம் செய்கிறவனுக்கும் வேண்டும். அவர்கள் நடுவில் நாங்கள், வெங்காய மூட்டைகளோடு.

முதல் ஆளுடன் வீடியோவில் பேசினோம். காத்தாடி போனைக் கையில் பிடித்தபடி ஜெட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். கொழும்பில் அசையாமல் கதிரையில் இருந்த அந்தத் தம்பிக்குத் தலை சுற்றி வாந்தி வந்துவிட்டது. கடலுக்கு வராமலே கடல் நோய் பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

இரண்டாவது ஆள் நேரில் வந்தார். புதுச் சப்பாத்து, சான்றிதழ்கள் அடங்கிய அழகான உறை. "வாங்கோ தம்பி, கதைச்சுக்கொண்டு போவம்," என்று காத்தாடி அவரைக் கடற்கரை வரைக்கும் கூட்டிப்போனார். சப்பாத்துக் கடித்ததால் தம்பி ஓரிடத்தில் குனிந்தார். உறையைப் பக்கத்தில் வைத்தார். எங்கள் ஊர் மான்களைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தெருவில் மாடு மாதிரித் திரிகிற அந்த மான்களில் ஒன்று வந்து உறையை முகர்ந்தது, பிறகு பட்டச் சான்றிதழின் பிரதியிலிருந்து தின்னத் தொடங்கியது.

"மூலப்பிரதி வீட்டிலதானே?" என்று காத்தாடி ஆறுதல் சொன்னார். அடுத்த பஸ்ஸிலேயே அந்தத் தம்பி போய்விட்டார்.

மூன்றாவது ஆளுக்கு எல்லாம் பிடித்திருந்தது. ஒரு சந்தேகம் மட்டும். "சேர், வீக்கெண்ட்ல இங்க என்ன செய்யலாம்?"

"கடல் பாக்கலாம்."

"அடுத்த கிழமை?"

"மற்றப் பக்கத்துக் கடலைப் பாக்கலாம்."

அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசிக்கிறார்.

நான்காவது ஆள்தான் எங்களை அதிகம் நோகடித்தவர். உண்மையிலேயே கெட்டிக்காரர். நியமனக் கடிதம் வாங்கினார், கைகுலுக்கினார், நடந்துகொண்டே குலுக்கினார் என்பது முக்கியம். அந்தக் கடிதத்தைக் கொழும்பில் தன் மேலதிகாரிக்குக் காட்டி, அங்கேயே சம்பளத்தைக் கூட்டிக்கொண்டு, எங்களுக்கு நன்றி சொல்லிச் செய்தியும் அனுப்பினார். செய்தியை வாசித்ததும் காத்தாடி கந்தோரைச் சுற்றி வந்தார். இன்னொரு தரம் சுற்றினார். "சரி, எங்கட கடிதத்தில ஒரு பிள்ளை நல்லா வந்திருக்கு," என்றார். அவருடைய குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை.

நாள் நெருங்கியது. இந்த ஓட்டத்துக்கிடையில், மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் நான், கப்பல்கள் சாமான் கேட்டு அனுப்பிய பழைய ஓடர்களைக் கொம்பியூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை. எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. எந்தத் துறைமுகத்திலிருந்து வருகிற கப்பல், கடலில் எவ்வளவு காலம் இருந்தது, அதில் எந்த நாட்டு ஆட்கள், இவற்றை எல்லாம் ஓடர்களோடு சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிந்தது. முழுதாக இல்லை. ஆனால் தெரிந்தது.

மனேஜர் அம்மா வரும் காலையில் காத்தாடி என்னையும் ராத்தாவையும் ட்ரைவரையும் கூப்பிட்டார். ட்ரைவருக்கு நஸ்ரின் ராத்தாவின் கண்ணாடியைப் போட்டுவிட்டிருந்தார்.

"நீங்கள் மூண்டு பேரும் கொம்பியூட்டருக்கு முன்னால இருங்கோ. ஒண்டும் கதைக்க வேண்டாம். டேட்டா டீம் மாதிரி இருங்கோ."

"முதலாளி, எனக்கு ஒண்டும் தெரியேல்ல," என்றார் ட்ரைவர். கண்ணாடியைச் சொன்னாரா டேட்டாவைச் சொன்னாரா தெரியாது.

"மாதிரி இருக்க ஏலாது சேர்," என்றேன் நான்.

அவர் வாசலை நோக்கி நடந்தார். நான் முந்திப்போய் வாசலை மறித்து நின்றேன்.

"வழியை விடுங்கோ பிள்ளை."

"நான்தான் ஆள் எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி ஆள் இல்லை எண்டு உண்மையைச் சொல்லுங்கோ. ரெண்டில ஒண்டு."

"நீங்கள் சொல்லுறது பிழைச்சுப் போனா?"

"பிழைச்சா அந்தப் பிழையை என்ர பேரில எழுதுங்கோ."

அவர் இடப்பக்கம் நகர்ந்தார், நானும் நகர்ந்தேன். வலப்பக்கம் போனார், நானும் போனேன். இருவரும் நண்டு மாதிரி ஆடிக்கொண்டிருந்தபோது கொழும்பிலிருந்து வந்த வான் வண்டி வாசலில் நின்றது.

மனேஜர் அம்மா உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். "சாப்பிடப் போன டீம் எங்க?" என்று சிரிக்காமல் கேட்டார்.

ட்ரைவர் கண்ணாடியைக் கழற்றினார். காத்தாடி என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவதான். ஒராள்தான். மற்றவை எண்டு ஒருத்தரும் இல்லை. அண்டைக்கு நான் சொன்னது பொய்."

நான் கேட்டது ஒன்று. அவர் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

மனேஜர் அம்மா ஜன்னலால் ஒரு கப்பலைக் காட்டினார். "அது இன்னும் ஓடர் தரல்ல. என்ன கேக்கும்?"

நான் கொம்பியூட்டரைத் திருப்பினேன். நீண்ட கடற்பயணம் வந்த கப்பல், ஆகவே கீரையும் பழமும் வழக்கத்தைவிடக் கூடக் கேட்கும். முட்டை குறைவாகக் கேட்கும். "வெங்காயத்துக்குச் சொல்ல ஏலாது. இந்தக் கப்பலின்ர பழைய ஓடர் எங்களிட்டப் போதாது," என்றேன்.

"நான் பாத்த டீம் எல்லாம் எல்லாத்துக்கும் பதில் வச்சிருந்தாங்க," என்றார் அவர். நான் சொல்ல ஏலாது என்றதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பின்னேரம் ஓடர் வந்தது. கீரை சரி, பழம் சரி. முட்டையில் நான் கவிழ்ந்தேன். கப்பலின் சமையல்காரர் கோழிப்பண்ணை தொடங்குகிறவர் மாதிரி முட்டை கேட்டிருந்தார். இருந்தும் ஒப்பந்தம் கிடைத்தது, பரீட்சார்த்தமாக ஒரு வருடத்துக்கு.

அதற்குப் பிறகு என் பெயர் மறைந்துவிட்டது. கப்பலின் கீழே படகில் நின்றுகொண்டு காத்தாடி மேலே கத்துவார்: "எங்கட டேட்டா வாறா, ஏணியை வடிவாப் பிடியுங்கோ." எனக்குச் சளி பிடித்துச் சுகமில்லாத நாளில் கொழும்புக்குப் போனில், "டேட்டாவுக்கு இண்டைக்குத் தடிமன்" என்று சொன்னாராம். 'உங்களுக்குச் சரிவராது' என்று சொன்னதை அவர் திருப்பி எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் சம்பளத்தை மாற்றச் சொல்லி ராத்தாவிடம் சொல்லிவிட்டு, நான் நன்றி சொல்வதற்குள் படிகளில் இறங்கிப் போய்விட்டார்.

பரீட்சார்த்த வருடம் முடியும்போது மனேஜர் அம்மா என்னைக் கூப்பிட்டார். கொழும்பில், அவர்களுடைய கந்தோரில், எனக்கு வேலை. நல்ல வேலை. எனக்கு மேல் கற்றுத்தர ஆட்கள் இருக்கிற இடம். எங்களிடம் வராமல் போன எல்லோரையும் நான் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இப்போது நானே அந்த வரிசையில்.

ஜெட்டியில் ஓடிப் பிடித்தேன்.

"சேர், கொழும்பில இருந்து எனக்கு வேலை வந்திருக்கு."

"தெரியும். அந்த அம்மா என்னட்டக் கேட்டவ."

"என்ன கேட்டவ?"

"ஆள் எப்பிடி எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"இந்தப் பிள்ளையைத் தந்தா எனக்குப் பெரிய நட்டம் எண்டு சொன்னனான். அதைவிட நல்ல சேட்டிபிக்கற் நான் எங்க போய் எடுக்கிறது?"

ஜெட்டியின் முனை வந்ததும் அவர் திரும்பி நடந்தார், நானும் திரும்பினேன். பிறகு அவர், "விளம்பரத்தை நீங்களே எழுதித் தந்திட்டுப் போங்கோ," என்றார்.

"கொழும்புக்குப் போற எண்ணம் இருக்கிறவை விண்ணப்பிக்க வேண்டாம் எண்டு போடுவமோ சேர்?"

"வேண்டாம் பிள்ளை. போறவையும் வரட்டும்."

அன்று பின்னேரமே கொழும்பிலிருந்து வந்த நியமனக் கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்பினேன். அனுப்பிவிட்டேன் என்று முதலில் அவரிடம்தான் போய்ச் சொன்னேன். வீட்டில் இருந்த என் அம்மாவுக்குப் போனில் சொன்னதுகூட அதற்குப் பிறகுதான்.